பெரியவளுக்கு மட்டும் திறக்கும் கதவு

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. யாராவது கண்டுபிடித்து ஊரெல்லாம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பக்கத்து இருக்கைக்காரி புதுச் செருப்பு போட்டு வந்தால் அன்று முழுக்க என் கால்தான் வலிக்கும். அவள் சம்பளம் வாங்கி, அவள் கடைக்குப் போய், அவள் காலுக்கு வாங்கிய செருப்பு. தெரியும். தெரிந்து என்ன பயன்?

நான் வேலை பார்ப்பது வீட்டுச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில். துணி துவைக்கும் மெஷின் சுற்றவில்லை, ஃபிரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறது, ஓவன் சூடாகவில்லை என்று ஜனங்கள் நாள் முழுக்க என் காதுக்குள் புலம்புவார்கள். நாங்கள் பெயர் சொல்லக் கூடாது, எண்தான் சொல்ல வேண்டும். நான் நாற்பத்தொன்பது. ஒரு அழைப்புக்குப் பதினைந்து நிமிடம். அதைத் தாண்டினால் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசர் எழுந்து நின்று தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஒரு அழைப்பு வந்தது.

"மேடம், ஓவன் கதவு திறக்க மாட்டேங்குது. செல்ஃப் கிளீன் போட்டேன். அது முடிஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு, கண்ணாடியத் தொட்டா ஜில்லுனு இருக்கு, ஆனா லாக் விளக்கு மட்டும் மினுக்கிட்டே இருக்கு. அஞ்சு மணிக்குள்ள நான் கேக் பண்ணிக் குடுக்கணும் மேடம்."

இளம் குரல். இன்னும் அழவில்லை, ஆனால் அழுவதற்குத் தயாராக இருந்தது.

இந்த வகை ஓவனில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது தன்னைத்தானே தகதகவென்று சுடவைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் சாம்பலாக்கிவிடும். அந்தச் சூட்டில் யாரும் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக, மேலே இருக்கும் ஒரு சின்ன மோட்டார் ஒரு கொக்கியைத் தள்ளிக் கதவைப் பூட்டிக்கொள்ளும். ஆறியதும் கொக்கி தானாகத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் எங்களுக்குப் போன் வரும். வாரத்துக்கு நாலைந்து வரும்.

"பதறாதீங்க மேடம். வாரண்டி அட்டை இருந்தா அதுல இருக்கற நம்பரைச் சொல்லுங்க."

"அத்தை பத்திரமா எடுத்து வச்சிருக்காங்க. இதோ..."

அவள் பதினோரு இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் தட்டினேன். திரையில் ஒரு பக்கம் விரிந்தது. வாங்கியவர் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே நான் ஒன்பது வருடம் குடித்தனம் நடத்திய வீட்டின் முகவரி.

அப்படியென்றால் இவள்தான் அவள். கொழுந்தனின் புதுப் பெண்டாட்டி. என் ஓரகத்தி. கல்யாணமாகி ஆறு மாதம். அந்தக் கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர் போய்வந்தார், நான் போகவில்லை. அவர் கொண்டுவந்து காட்டிய போட்டோவில் அவள் என் மாமியாரின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். என் கல்யாணப் போட்டோவில் எனக்கும் மாமியாருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம்.

இரண்டு வருடம் முன்பு, தினமும் நடந்த சண்டைகளில் ஒன்று கொஞ்சம் பெரிதாகிப்போய், நானும் என் வீட்டுக்காரரும் தனியாக வந்துவிட்டோம். இரண்டு அறையுள்ள மாடி வீடு. வரும்போது நான் கேட்டது ஒரே ஒரு பொருள்தான், இந்த ஓவன். கல்யாணத்துக்கு முன்பு நான் வேலை பார்த்துச் சேர்த்ததில் வாங்கியது. "சுவத்துக்குள்ள பதிச்சது. வீட்டை இடிச்சா எடுத்துட்டுப் போகப் போற?" என்று கேட்டார் மாமியார். நான் துணிமணியோடு கிளம்பிவிட்டேன்.

இப்போது அதே ஓவன் முன்னால் நின்றுகொண்டு இவள் என்னிடம் உதவி கேட்கிறாள். யார் என்று தெரியாமல் கேட்கிறாள். அடடா, தெய்வமே என்று இருந்தது எனக்கு.

"கண்ணு, அந்தக் கைப்பிடிய அப்படி இழுக்காத. கை பிசகிக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

என் மாமியாரின் குரல். கண்ணு என்று கூப்பிட்டது அந்த வாய்தானா என்று ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஒன்பது வருடத்தில் நான் "ஏம்மா" ஆக இருந்திருக்கிறேன், "இந்தா" ஆக இருந்திருக்கிறேன், வெளியாட்கள் இருந்தாலோ காரியம் ஆக வேண்டியிருந்தாலோ "பெரியவ" ஆக இருந்திருக்கிறேன். கண்ணு ஆனதே இல்லை.

"முதல்ல மெயின் பாக்ஸுல ஓவனுக்கு உண்டான ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க மேடம்" என்றேன். "அது தாழ்வாரத்துல, செருப்பு ஸ்டாண்டுக்கு மேல..." என்று சொல்ல வந்த வாயைக் கடித்துக்கொண்டேன். "அது எங்க இருக்குன்னு வீட்டுல கேட்டுக்குங்க."

கம்பெனிப் புத்தகத்தின்படி இரண்டு நிமிடம் நிறுத்திவைத்தால் போதும். ஓவனின் மூளை எல்லாவற்றையும் மறந்து, புதிதாக ஆரம்பிக்கும்.

"ஆஃப் பண்ணிட்டேன் மேடம். எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்" என்றேன். கூட்டிய மூன்று நிமிடம் என் சொந்தச் சேர்க்கை.

"அஞ்சா? முட்டைய நுரைக்க அடிச்சு மாவுல கலந்து வச்சுட்டேனே. அமுங்கிடுமே!"

அமுங்கட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"கேக் யாருக்கு மேடம்?" என்று கேட்டேன். புத்தகத்தில் இந்தக் கேள்வி கிடையாது.

"பக்கத்துத் தெருவுல ஒரு காபிக் கடை. பன்னெண்டு சின்ன கேக். முதல் ஆர்டர். கடைக்காரம்மா அஞ்சு மணிக்கு வீட்டுக்கே வர்றாங்க. அடுப்படி எப்படி வச்சிருக்கோம்னு பாத்துட்டு, கேக்கை எடுத்துட்டுப் போவாங்க. பிடிச்சிருந்தா தினமும் குடுக்கலாம். அதான் ஓவன் பளபளன்னு இருக்கட்டுமேன்னு கிளீன் போட்டேன். அந்த லாக்கை மட்டும் தொடாதடின்னு அத்தை சொன்னாங்க, நான் கேக்கல."

"வீட்டுல இருந்து கடைக்குச் செஞ்சு குடுக்க உங்க மாமியார் ஒத்துக்கிட்டாங்களா?"

"யோசனையே அவங்களுதுதான் மேடம். செஞ்சு செஞ்சு நம்மளே தின்னு உடம்பு வைக்கறோம், கடைக்காவது குடுன்னு சொன்னாங்க."

ஹெட்போன் வயரை நான் விரலில் எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று தெரியாது, விரல் நுனி வெளுத்துவிட்டது. நாலு வருடம் நான் இதைத்தான் கேட்டேன். இதே கேக், இதே ஓவன், கடை மட்டும் வேறு. "வீட்டைக் கடையாக்கப் பாக்கறியா? நமக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஒரு வார்த்தையில் கதவைச் சாத்தினார். வேண்டாத மருமகள் கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம். வேண்டிய மருமகள் வந்ததும் வீடு தானாகவே கடையாகிவிட்டது.

என் மாமியார் முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். அந்த முப்பது வருடத்தில் ஒரு விடைத்தாளுக்குக்கூட நூற்றுக்கு நூறு போட்டதில்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார். "முழுசாப் போட்டா தலையில கொம்பு முளைச்சுடும்" என்பார். வீட்டிலும் அதே கணக்குதான். நான் எதைச் செய்து வைத்தாலும் "நல்லாத்தான் இருக்கு, ஆனா" என்று தொடங்குவார். அந்த ஆனாவுக்குப் பிறகு வருவதைக் கேட்காமலிருக்க நான் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவேன்.

அவருக்கு ஓவன் என்பது கதவு வைத்த அலமாரி. நான் கேக் வைக்கலாம் என்று போய்த் திறந்தால், உள்ளே மூன்று வாணலி, ஏழெட்டு மூடி, கைப்பிடி உடைந்த ஒரு கரண்டி. எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைப்பேன். மறுநாள் காலையில் எல்லாம் உள்ளே போயிருக்கும். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒரு நாள் மதியம், எல்லோரும் தூங்கும் நேரத்தில், குறடு எடுத்து வந்து கதவுக்கு மேலே இருக்கும் அந்தப் பூட்டுக் கொக்கியை ஒரு நூல் அளவு வளைத்துவிட்டேன்.

சூடில்லாதபோதும் கதவைப் பூட்டிவைக்க ஒரு பொத்தான் உண்டு; அதற்குப் பிறகு அதை அழுத்தினால் கொக்கி போய் மாட்டிக்கொள்ளும், திரும்பி வராது. அதைத் திறக்க ஒரு வழி இருந்தது. அதை நான் மட்டும் நாலு நாள் பழகித் தெரிந்துவைத்திருந்தேன். வாணலிகள் உள்ளே இருக்கும்போது பூட்டிவிட்டு என் அறைக்குப் போய்விடுவேன். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து சத்தம் வரும். "பெரியவளே, இங்க வா! இந்தச் சனியன் திறக்கல!" நான் மெதுவாக நடந்து போவேன். "தள்ளி நில்லுங்க அத்தை, கதவு மேல விழுந்துடும்" என்று அவரை ஓரமாக நிறுத்திவிட்டு, என் முதுகால் மறைத்துக்கொண்டு, ஒரே இடியில் திறப்பேன். என்னுடைய ஒன்பது வருடத்தில் நான் இல்லாமல் அந்த வீட்டில் நடக்காத காரியம் அது ஒன்றுதான். வீட்டை விட்டு வந்தபோதும் அந்த வித்தையை யாருக்கும் சொல்லாமல் கொண்டுவந்துவிட்டேன். ஓவனைத்தான் தரவில்லை, இதையாவது எடுத்துக்கொள்வோம் என்று.

"மேடம், உங்களை அக்கான்னு கூப்பிடலாமா?" என்றாள் காதுக்குள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்?" என்றேன்.

"சும்மாதான். மேடம் மேடம்னு வாய் வலிக்குது. அக்கா, இந்த ஓவனே எங்க வீட்டுப் பெரிய மருமக வாங்கினது. அவங்க தனியாப் போயிட்டாங்க. நான் பாத்ததே இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. சாமான் அறைக்குள் போய்விட்டாள் போல, குரல் அடைத்துக் கேட்டது. "உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க யாரோ, நான் யாரோ. எங்க அத்தைக்கு நான் எது செஞ்சாலும் பெரியவ செஞ்ச மாதிரி இல்லக்கா. கேக் வச்சுக் குடுத்தா, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா பெரியவ செஞ்சா நடுவுல இப்படிக் குழி விழாது'ம்பாங்க. துணி மடிச்சா பெரியவ மடிப்பு மடிப்புதான்ங்கறாங்க. கண்ணு கண்ணுன்னு கொஞ்சுவாங்க, ஆனா வேலைக்கு மார்க் போடறப்ப பெரியவ வந்து நின்னுடறா. பொய் சொல்லக் கூடாது, எனக்கு அவங்க மேல அப்படி ஒரு வயித்தெரிச்சல். போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் இந்த அடுப்படிய விட்டுப் போகவே மாட்டேங்கறாங்க."

நாற்பது வயதுவரை நான் பொறாமைப்பட்டுத்தான் பழக்கம். என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுகிறாள் என்று கேட்டதும், வெயிலில் நடந்து வந்தவளுக்கு மோர் கொடுத்த மாதிரி வயிறு குளிர்ந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றிருந்தது.

அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்த அடுப்படியில் நிற்கிறாளே ஒரு பெரியவள், கேக்கில் குழி விழாதவள், மடிப்புக் கலையாமல் துணி மடிப்பவள், அவள் யார்? அவளை என் மாமியார் பாராட்டுகிறார். என்னை ஒரு நாளும் பாராட்டியதில்லையே. நான் செய்த கேக்கில் குழி விழவில்லை என்று நான் அங்கே நின்றபோது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு அந்தப் பெரியவள் மேலேயே பொறாமை வந்துவிட்டது. என் பெயரில் அவள் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா? அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு."

"ஸ்விட்சைப் போடுங்க. விளக்கு வந்ததும் கேன்சல் பொத்தானை மூணு செகண்ட் அழுத்துங்க. என்ன சத்தம் வருதுன்னு சொல்லுங்க."

அவள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, எனக்கே கேட்டது. மோட்டார் உறுமியது. கொக்கி திரும்பினால் கடைசியில் டக் என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தச் சொன்னேன். உறுமல் மட்டும் வந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. முதல் கோணல் முற்றும் கோணல். நான் வளைத்தது, வளைந்தபடியே இருந்தது.

இதற்கு மேல் புத்தகத்தில் ஒரே வரிதான். மூன்று முறை முயன்றும் திறக்காவிட்டால் மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். நான் நாள்காட்டியைப் பார்த்தேன்.

"மெக்கானிக் வரணும் மேடம். வெள்ளிக்கிழமை வருவாரு."

"இன்னிக்குத் திங்களக்கா!"

"வரிசைப்படிதான் மேடம் அனுப்ப முடியும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கண்ணாடி அறையில் மணிக்கூண்டு எழுந்து நின்றுவிட்டார், கடிகாரத்தை இன்னும் தட்டவில்லை. நான் இந்த இடத்தில் நன்றி சொல்லி வைத்திருந்தால் என் வேலையில் ஒரு குற்றமும் கிடையாது. புத்தகத்தில் உள்ளதை எல்லாம் செய்துவிட்டேன்.

"பெரியவ இருந்தா ஒரே இடி. இந்நேரம் திறந்திருப்பா" என்று மாமியார் சொல்வது கேட்டது.

"அப்ப அவங்களையே கூப்பிடுங்க!" என்று இவள் வெடித்தாள். பிறகு குரல் தழைந்தது. "மாவைக் கொட்டிடறேன் அத்தை. கடைக்காரம்மாவுக்குப் போன் பண்ணி, வர வேணாம்னு சொல்லிடறேன்."

"சொல்லிடு கண்ணு. நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார் மாமியார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். அது ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் அந்தப் பேச்சுக்கே அந்த வீட்டில் இடம் கிடையாது. நாளைக்கு வேறு ஆர்டர் வராது. "அன்னிக்கு என்ன ஆச்சு பாத்தியல்ல" என்று பத்து வருடத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். இவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். நான் நின்ற அதே இடத்தில் நின்று.

அப்படி நடந்தால் எனக்கு நல்லதுதான். பெரியவள் இருந்தால் திறந்திருப்பாள் என்ற பேச்சு நிலைத்துவிடும். சொல்லிக் கொடுத்துவிட்டால் அதுவும் போயிற்று. அந்த வீட்டுக்கு நான் எதற்கும் வேண்டாம். இதை நான் தெளிவாக யோசித்தேன். யோசிக்காமல் வாய் தவறிச் சொன்னேன் என்று யாரும் பிறகு சொல்லக் கூடாது.

"மேடம், மாவைக் கொட்டாதீங்க" என்றேன். "போனை ஸ்பீக்கர்ல போட்டு மேடையில வைங்க. உங்களுக்கு ரெண்டு கையும் வேணும்."

எல்லா அழைப்பும் பதிவாகிறது. புத்தகத்தில் இல்லாததைச் சொன்னால் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும். மாமியாருக்கு அடையாளம் தெரியாதபடி குரலை மூக்கில் ஏற்றிக்கொண்டேன்.

"இடது கையைக் கதவோட மேல் மூலையில வச்சு உள்பக்கமா அழுத்துங்க. நல்லா. வலது கை கைப்பிடியில. இழுக்கக் கூடாது, மேல தூக்கணும், ஒரு நூல் தூக்குனா போதும். வலது முழங்கால் கதவோட அடி ஓரத்துல."

"வச்சிருக்கேன். கேன்சலை யார் அழுத்தறது?"

நான் முழங்கையால் அழுத்துவேன். அதற்கு நாலு நாள் பழக வேண்டும்.

"உங்க மாமியாரை அழுத்தச் சொல்லுங்க. மோட்டார் உறுமும். உறுமல் முடியறதுக்குள்ள முழங்காலால ஒரு இடி. உதைக்கக் கூடாது. தூங்கற ஆளை எழுப்பற மாதிரி ஒரு இடி."

"அழுத்தட்டுமா?" என்று மாமியார் மிக அருகில் கேட்டார். அவர் நிற்கும் இடம் எனக்குக் கண்ணுக்கு நேரே தெரிந்தது. பொத்தானை அழுத்த வேண்டும் என்றால் கதவுக்கு எதிரில்தான் நிற்பார், எப்போதும் போல. இந்தக் கொக்கி விடும்போது கதவு தடாலென்று கீழே விழும்.

"தள்ளி நில்லுங்க அத்தை, கதவு மேல விழுந்துடும்!"

நுணலும் தன் வாயால் கெடும். மூக்குக் குரலெல்லாம் எங்கே போயிற்றோ, முழுக்க முழுக்க என் சொந்தக் குரலில், ஒன்பது வருடம் சொன்ன அதே தொனியில் வந்துவிட்டது.

மோட்டார் உறுமியது. ஒரு இடிச் சத்தம். டக். கதவு கீழே இறங்கும்போது போடும் கிறீச்சைக் கேட்டேன். அந்தக் கிறீச் எனக்குப் பழக்கம், இரண்டு வருடமாக யாரும் எண்ணெய் போடவில்லை.

"திறந்துடுச்சு! அக்கா, திறந்துடுச்சு! அத்தை, பாத்தீங்களா, நானே திறந்துட்டேன்!" என்று இவள் குதித்தாள். அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை.

மாமியார் கணக்கு டீச்சரின் குரலில் கேட்டார். "ஏம்மா, கம்பெனிப் புத்தகத்துல இது எத்தனாம் பக்கத்துல இருக்கு?"

நான் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தேன்.

"கண்ணு, நீ போய் ஓவனைத் துடைச்சுட்டு, மாவை அச்சுல ஊத்து. மணி மூணே காலாச்சு" என்றார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு போனைக் கையில் எடுத்தார் போல, மூச்சு நேராகக் காதில் விழுந்தது. வளையல் சத்தமும் கேட்டது.

"வளைச்சவளுக்குத்தான் நிமித்தத் தெரியும்" என்றார் மெதுவாக. "நீ குறடு எடுத்துட்டு வந்த அன்னிக்கு நான் தூங்கல. பாத்துட்டுத்தான் படுத்திருந்தேன்."

திரையில் நிமிட எண் மாறிக்கொண்டே இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது.

"அதை ரிப்பேருக்குக் குடுக்கலாம்னு ரெண்டு பசங்களும் எத்தனையோ தடவை சொன்னாங்க. வேண்டாம்னுட்டேன். மெக்கானிக் கழட்டிப் பாத்தா யாரோ வளைச்சிருக்காங்கன்னு சொல்லுவான். யாருன்னு கேப்பாங்க. எதுக்கு?"

எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது, இந்தத் தடவை நடிப்புக்கு இல்லை. பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்த்தாள். நான் திரையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வாணலியெல்லாம் இப்ப வெளியிலதான் இருக்கு" என்றார். "தனி அலமாரி வாங்கியாச்சு."

ஒன்பது வருடம் நான் எதிர்பார்த்தது இதுதான் என்று சொல்லத் தோன்றியது. நீங்கள் ஏன் சின்னவளைக் கண்ணு என்கிறீர்கள் என்று கேட்கவும் தோன்றியது. குழி விழாத கேக்கைப் பற்றி என் முகத்துக்கு நேரே ஏன் சொல்லவில்லை என்று சண்டை போடவும் தோன்றியது. மூன்றும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்ததில், கடைசியில் புத்தகத்தில் இருக்கும் வரிதான் வெளியே வந்தது.

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"இப்ப வேணாம்" என்றார் மாமியார். வைத்துவிட்டார்.

மணிக்கூண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். "இருபத்திரண்டு நிமிஷம். ஒரு கதவுக்கு இருபத்திரண்டு நிமிஷமா?" என்றார். "பழைய கதவு சார்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது திரையின் மூலையில் மதிப்பெண் வந்து விழுந்தது. அழைப்பு முடிந்ததும் வாடிக்கையாளருக்கு ஒரு செய்தி போகும், எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு. பெரும்பாலும் யாரும் போட மாட்டார்கள். போட்டால் பத்து போடுவார்கள், இல்லாவிட்டால் கோபத்தில் ஒன்று போடுவார்கள்.

இதில் ஒன்பது என்று இருந்தது.

"நல்லாத்தானே பண்ணியிருக்க. அந்த ஒண்ணு எதுக்குக் குறைஞ்சுது?" என்று கேட்டார் மணிக்கூண்டு.

"அந்த வீட்டுல பத்து கிடையாது சார். முழுசாப் போட்டா கொம்பு முளைச்சுடும்" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் கலந்து வந்ததில் ஒரு விக்கல் வந்தது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு துணி மெஷின், இரண்டு ஃபிரிட்ஜ், ஒரு மிக்சி பார்த்தேன். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. நாலு மணிக்குப் பன்னிரண்டு கேக்கும் உள்ளே போயிருக்கும். நாலரைக்கு வெளியே வந்திருக்கும். நுரை கொஞ்சம் அமுங்கியிருந்தாலும் சின்ன அச்சில் அவ்வளவாகத் தெரியாது, அதில் என் மூன்று நிமிடத்தின் பாவமும் கரைந்திருக்கும். ஐந்துக்குக் கடைக்காரம்மா வந்து, அடுப்படியைச் சுற்றிப் பார்த்து, ஒன்றைப் பிட்டு வாயில் போட்டிருப்பாள். அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவள் என்ன மார்க் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தது மாமியாரைப் பற்றித்தான். அவரும் ஒன்றை எடுத்துப் பிட்டுத் தின்றிருப்பார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா" என்று தொடங்கியிருப்பார். சின்னவளுக்கும் ஒன்பதுதான் போட்டிருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்கப்போகிறேன். ஒன்பதரை என்று மட்டும் சொன்னாரோ, குறடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.